பீர் இல்லாத கறுப்பு பீர்

குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. பிராந்தி, ரம் எதுவும் இப்போது நினைவுக்கே வருவதில்லை. ஒன்று மட்டும் அவ்வப்போது நாக்கு நுனியில் வந்து நிற்கும்: பாரிஸ் பக்கம் இருக்கும் சித்தப்பா மகன் வீட்டில் ஒரு குளிர்காலத்தில் குடித்த கறுப்பு பீர். அவனே காய்ச்சியது. எங்களுடையது சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பம். பாதிப்பேர் அங்கே, பாதிப்பேர் பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில். அங்கே சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம் என்பதால் சமையலறையில் ஒரு மூலை முழுக்க அவன் பாத்திரங்கள்தான் இருக்கும்.

"எவ்வளவு சாக்லேட் போட்டே?" என்று அன்று கேட்டேன்.

"ஒரு கிராம்கூட இல்லண்ணே. எல்லாம் வறுத்த பார்லி" என்றான்.

நான் நம்பவில்லை. ஓர் அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை நீட்டினான். காப்பிக்கொட்டை நிறத்தில் பார்லி மணிகள். ஒன்றை எடுத்துக் கடித்தேன். இனிப்பில்லாத கறுப்புச் சாக்லேட்டேதான். அதற்குப் பெயரே சாக்லேட் மால்ட்.

அந்த ருசியை, போதை இல்லாமல், முத்தியால்பேட்டை வீட்டிலேயே கொண்டுவர முடியுமா என்று போன வருடம் மே மாதம் ஆரம்பித்தேன். போதை வேண்டாம் என்பது என் முடிவு. அது ஒருபக்கம் இருக்க, பாண்டியில் திரும்பிய பக்கமெல்லாம் மதுக்கடை இருந்தாலும், உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். ஆகவே திட்டம் இது: பீர் காய்ச்சும் வேலையை முதலிலிருந்து அப்படியே செய்வது, ஈஸ்ட் போடும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. கரீபியன் தீவுகளில் மால்ட்டா என்ற பெயரில் இப்படிப் புளிக்காத பானம் பாட்டிலில் விற்கிறார்கள்.

ஈஸ்ட்டை விட்டால் வேலை பாதியாகக் குறையும் என்று நினைத்தேன். உண்மையில் கூடியது. ஈஸ்ட் என்பது சர்க்கரையைத் தின்று சாராயமாக்குகிற ஆள். அது தின்று முடித்த பிறகுதான் வறுவலின் கசப்பும் சாக்லேட் மணமும் மேலே தெரியும். ஆள் வராவிட்டால் சர்க்கரை முழுவதும் பானத்திலேயே கிடக்கும். முதல் முறை காய்ச்சியதைக் குடித்த என் மனைவி, "ஏங்க, ஹார்லிக்ஸைப் பாகு காய்ச்சினா இப்படித்தான் இருக்கும்" என்றாள். சரியான விமர்சனம். ஹார்லிக்ஸும் மால்ட்தானே.

மால்ட் என்றதும் பெரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். முளைகட்டிக் காயவைத்த தானியம், அவ்வளவே. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக் கஞ்சி காய்ச்சுவது நம் வீடுகளில் எப்போதும் உள்ளதுதான். முளைகட்டாத மாவில் கெட்டியாக நிற்கும் கஞ்சி, முளைகட்டிய மாவில் நீர்த்துப்போகும், லேசாக இனிக்கும். முளைக்கும்போது தானியத்துக்குள் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவதுதான் காரணம். பீர்க்காரர்கள் பார்லியில் செய்வதும் இதே வேலை.

இவ்வளவு தெரிந்தும் முதல் தப்பைப் பார்லியில்தான் செய்தேன். மளிகைக் கடையில் வெள்ளைவெளேரென்று இருந்த பார்லி அரிசியை ஒரு கிலோ வாங்கி ஊறவைத்துத் துணியில் கட்டினேன். மூன்று நாள் கழித்துத் திறந்தால் புளித்த மாவு வாடை, ஒரு முளை இல்லை. அம்மா ஒரு மணியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அரிசிடா. அரிசி எங்கயாவது முளைக்குமா? நெல்லை வாங்கு" என்றார். அவ்வளவுதான். உமியோடு கருவும் சேர்த்துத் தீட்டப்பட்டது அது. உமியோடு இருக்கும் பார்லியை இணையத்தில் வரவழைத்தேன். பையில் ராஜஸ்தான் என்று போட்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் அதை முளைகட்டினேன், முளையோடு பூஞ்சணமும் சேர்ந்து வந்தது. பார்லிக்கு 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சி பிடிக்கும். நமக்கு மே மாதம் இரவில்கூட 28 டிகிரி.

மார்கழி வரை காத்திருந்து, ஈரச் சாக்கில் சுற்றி, மண்தொட்டிக்குள் வைத்து, தினம் இரண்டு முறை கிளறிவிட்டு, ஐந்தாம் நாள் இரண்டு கிலோ தேறியது. பத்துக்கு ஆறேழு மணிதான் முளைத்திருந்தது. கேழ்வரகோ, இத்தனை உபசாரம் கேட்காமல் இரண்டே நாளில் வால் விட்டது. நம் ஊர் வெயில் அதற்குச் சொந்த வீடு.

அதனால் தானியத்தை இப்படிப் பிரித்துக்கொண்டேன். அடித்தளத்துக்கு, அதாவது நொதி வேலை செய்ய வேண்டிய பங்குக்கு, ஏற்கெனவே தயாரான வெளிர் பார்லி மால்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது. பானத்தின் கனத்துக்குக் கேழ்வரகு மால்ட், அம்மா கைப்பக்குவம். வறுப்பதற்கு என் அரைகுறை பார்லி. கறுப்பாக வறுத்த பிறகு நொதி எல்லாம் செத்துப்போயிருக்கும். ஆகவே வறுவலுக்குப் போகிற மணி எவ்வளவு நன்றாக முளைத்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இனி வறுவல். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, அதிகம் கெட்டுப்போன பகுதியும் அதுதான்.

தானியத்தில் இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுப்பதை லூயி கமீய் மய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் எழுதினார். ரொட்டியின் மேல்தோல், வறுத்த காப்பிக்கொட்டை, தோசையின் முறுகல், எல்லாம் மய்யார் வினைதான். கோகோ விதையை வறுக்கும்போதும் அதே வினை, அதே வகை மணப்பொருள்கள். 3-மெத்தில்பியூட்டனல் என்று ஒன்று இருக்கிறது. கோகோவிலும் உண்டு, மால்ட்டிலும் உண்டு, முகர்ந்தால் மால்ட்டும் சாக்லேட்டும் கலந்த வாசனை. ஆகவே பார்லி சாக்லேட் மாதிரி நடிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே அடுப்பு, அதனால் ஒரே வாசனை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடே விளையும் கோகோவில் பொடி வாங்கி இரண்டு ஸ்பூன் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். முடியும்தான். எனக்கு அது பரீட்சையில் பிட் அடித்த மாதிரி இருந்தது.

இங்கிலாந்தில் 1817-இல் டேனியல் வீலர் என்பவர் காப்பி வறுக்கிற உருளை போன்ற ஒன்றில் மால்ட்டை வறுத்துக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு கறுப்பு பீருக்கு முழு மால்ட்டையும் பழுப்பாக வாட்டுவார்கள். நொதி பாதி போய்விடும், சாறும் குறைவாக வரும். வீலருக்குப் பிறகு பெரும்பங்கு வெளிர் மால்ட், நிறத்துக்கு ஒரு கைப்பிடி கறுப்பு என்று கணக்கு மாறியது. என் கணக்கும் அதுவே.

முதல் வறுவல் வீட்டு இரும்புச் சட்டியில். பத்து நிமிடத்தில் வெளியே கறுத்துவிட்டது. பாக்குவெட்டியால் ஒரு மணியை இரண்டாக வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை மாவு. வாயில் போட்டால் சாம்பல். வேர்க்கடலைக்காரர் மாதிரி மணல் போட்டு வறுத்ததில் சூடு சீராகப் பரவியது. ஆனால் பானத்தில் நறநறவென்று மணல் வராமல் சலிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டில் புகை வேறு. எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம்தான் எங்கள் தெருக்கோடி ரொட்டிக்கடை நினைவுக்கு வந்தது. இன்னும் விறகு அடுப்பில் நீள ரொட்டி சுடுகிற கடை. காலை ரொட்டி எல்லாம் இறங்கி ஒன்பது மணிக்கு அடுப்பு சும்மா இருக்கும், ஆனால் நெருப்பை இழுத்துவிட்ட பிறகும் செங்கல் சூடு 220 டிகிரியை ஒட்டி நிற்கும். தூரத்தில் நின்று சுட்டிக்காட்டி அளக்கும் வெப்பமானி ஒன்றைக் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழையதாக வாங்கியிருந்தேன். அதைப் பார்த்து ரொட்டிக்கடை மாஸ்டர் சிரித்தார். "சார், கையை உள்ளே விட்டு இருபது எண்ணுங்க. அதுக்கு மேலே தாங்கலைன்னா அடுப்பு சரியா இருக்கு."

தட்டில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் பரப்பவில்லை. முதலில் வாய்ப்பக்கம், சூடு 180 அளவில் இருக்கும் இடத்தில் 25 நிமிடம். அப்போது ஒரு பங்கை எடுத்துவிட்டேன். அது பழுப்பு மால்ட், பிஸ்கட் வாசனை, கடித்தால் வேர்க்கடலை. மீதியை உள்ளே தள்ளி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீளக் கரண்டியால் புரட்டல்.

வாசனை மாறிக்கொண்டே போவதை எழுதி வைத்திருக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் வறுத்த புட்டு மாவு. எட்டாம் நிமிடம் கருக முறுகிய ரொட்டித் தோல். பதினோராம் நிமிடம் சட்டென்று ஒரு திருப்பம், இனிப்பும் கசப்பும் கலந்த கோகோ வாசனை அடுப்பு வாயில் வந்து முகத்தில் அடிக்கும். பதினாலாம் நிமிடம் அது காப்பியாகிவிட்டது. பதினாறில் கருகல். முதல் தட்டை நான் பதினைந்தில் எடுத்தேன், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆசை. எடுத்த பிறகு தட்டிலேயே விட்டதால் தன் சூட்டிலேயே மேலும் வெந்து கரியாகிவிட்டது. மாஸ்டர் ஒரு மணியை நாக்கில் வைத்துத் துப்பினார். "வாசனை வந்த பிறகு எடுக்கக்கூடாது சார். வரப்போகுதுன்னு தெரியும்போதே எடுக்கணும். ரொட்டியும் அப்படித்தான்."

இரண்டாவது தட்டைப் பதினோராம் நிமிடத்தில், கோகோ வாசனை தலைகாட்டியதுமே இழுத்து, முறத்தில் கொட்டி, வேகவேகமாகப் புடைத்தேன். புடைத்ததில் சூடும் இறங்கியது, கருகிய முளைவேர்களும் பறந்தன. அந்த வேர் கசக்கும், இருக்கக்கூடாது. பாக்குவெட்டியால் வெட்டினால் உள்ளே சீராகப் பழுப்பு, ஓரத்தில் கறுப்பு. அரைக் கிலோ போட்டதில் நானூறு கிராம் சொச்சம் நின்றது.

அன்று மாலையே காய்ச்சியிருந்தால் ஏமாந்திருப்பேன். புதிதாக வறுத்ததில் தொண்டையைப் பிடிக்கிற ஒரு காரப் புகை மணம் இருக்கும். பாரிஸ் தம்பி முன்பே சொல்லியிருந்தான், காகிதப் பையில் போட்டு இரண்டு வாரம் விட்டுவிடச் சொல்லி. பத்தாம் நாள் பையைத் திறந்தபோது புகை போய் வெறும் சாக்லேட் மட்டும் இருந்தது. இதே மாதிரி கொஞ்சம் கேழ்வரகு மால்ட்டையும் ஒரு தட்டு போட்டுப் பார்த்தேன். மணி பொடிசு, ஏழு நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. மணம் பார்லியைவிடக் கோகோவுக்கு நெருக்கம் என்பது என் மூக்கின் தீர்ப்பு.

அடுத்தது இனிப்புப் பிரச்சினை. இங்கேதான் இந்தப் பானத்தின் கணக்கு பீரின் கணக்கிலிருந்து பிரிகிறது.

மால்ட்டில் இரண்டு அமைலேஸ் உண்டு. பீட்டா என்பது 60 முதல் 65 டிகிரி வரை நன்றாக வேலை செய்து, இனிப்பான மால்ட்டோஸ் சர்க்கரையைக் கொடுக்கும். ஆல்ஃபா இன்னும் சூடு தாங்கும், 70 டிகிரிக்கு மேலும் ஓடும். அது மாவுச்சத்தை நடுவில் நடுவில் வெட்டி டெக்ஸ்ட்ரின் என்ற நீளத் துண்டுகளாக விடும். டெக்ஸ்ட்ரினுக்கு இனிப்பு மிகக் குறைவு, வாயில் கனம் மட்டும் தரும். பீர்க்காரருக்கு வேண்டியது ஈஸ்ட் தின்பதற்கு மால்ட்டோஸ், அதனால் பெரும்பாலும் 66, 67 டிகிரியில் நிற்பார்கள். எனக்கு ஈஸ்ட்டே இல்லை. ஆகவே பீட்டா தலையெடுக்கும் முன்பே அதைச் சாகடித்துவிட வேண்டும். தண்ணீரை 83 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் மால்ட்டைக் கொட்டி, கலவை 76 டிகிரியில் நிற்கும்படி செய்தேன். தண்ணீரில்தான் மால்ட்டைப் போட வேண்டும். மால்ட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் 65 டிகிரியைக் கடக்கும் அந்த இரண்டு நிமிடத்திலேயே பீட்டா தன் வேலையைக் காட்டிவிடும். கேழ்வரகு மாவுச்சத்து பார்லியைவிடக் கூடுதல் சூட்டில்தான் வேகும், அதற்கும் 76 டிகிரி வசதியாகப் போயிற்று.

நாற்பது நிமிடம், கம்பளி சுற்றிய பாத்திரத்தில். புண்ணுக்குப் போடும் அயோடின் கரைசலில் ஒரு சொட்டை, வெள்ளைத் தட்டில் எடுத்த சாற்றில் விட்டால் மாவுச்சத்து மிச்சம் இருப்பது நீலமாகக் காட்டிக்கொடுக்கும். நாற்பதாவது நிமிடம் நீலம் இல்லை. கறுப்பு மால்ட்டைச் சேர்த்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

வடிகட்டுவதில் ஒரு கூத்து. பார்லிக்கு உமி உண்டு, அதுவே சல்லடையாகப் படுத்துக்கொள்ளும். கேழ்வரகுக்கு அது கிடையாது. அதோடு நான் கேழ்வரகை நைசாக வேறு அரைத்துவிட்டேன். துணியில் ஊற்றியதும் சாறு இறங்காமல் நின்றது. கரண்டியால் குத்திக் கிளறினேன். முக்கால் மணி நேரத்தில் நான் தயாரித்தது பீரும் இல்லை, மால்ட்டாவும் இல்லை, முதல்தரமான களி. மறுமுறை வில்லியனூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் நெல் உமி ஒரு பை கேட்டு வாங்கி, நன்றாக அலசி, ஒரு கைப்பிடி கலந்தேன். சரசரவென்று வடிந்தது. வெளிநாட்டுக் காய்ச்சுக்காரர்கள் நெல் உமியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று தம்பி சொன்னபோது ஆலைக்காரருக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் பாண்டிக்காரன் எதையும் முடிக்க முடியாது. பாரதி பூங்காவில் இருக்கும் ஆயி மண்டபமே முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டியதுதான். எங்கள் வீட்டு போர் தண்ணீரோ வேறு ஜாதி. கெட்டிலில் ஒரு மாதத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு ஏடு படிந்துவிடும். ஆகவே ஒரு முறை யோசிக்காமல் ஆர்.ஓ. கேன் தண்ணீரில் காய்ச்சினேன், ஆசையில் கறுப்பு மால்ட்டைக் கால் பங்கு போட்டு. வந்தது, புளித்த காப்பி டிகாஷன். புளிப்பை அளக்கும் பி.எச். கருவியில் பார்த்தால் 5.0. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். இருக்க வேண்டியது 5.2-க்கும் 5.6-க்கும் இடையில்.

வறுத்த மால்ட்டுக்கு அமிலத் தன்மை உண்டு. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அதை ஈடுகட்டும். டப்ளின் நகரம் கறுப்பு பீருக்குப் பேர் எடுத்ததற்கு அந்த ஊரின் பைகார்பனேட் மிகுந்த தண்ணீரும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நான் ஐந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்த போர் தண்ணீர் அந்த வகையில் வரப்பிரசாதம்! பாதிக்குப் பாதி கலந்து, கறுப்பையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தேன். புளிப்பு போய்விட்டது. ஆனால் கறுப்பு மால்ட் ஒரு மணி நேரம் வேகும்போது இன்னும் ஒரு கரிப்பு இருந்தது.

அதற்கும் ஒரு வழி இருந்தது. கறுப்பு மால்ட்டைக் காய்ச்சவே காய்ச்சாமல், குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, வடித்த சாற்றைக் கொதியின் கடைசி பத்து நிமிடத்தில் சேர்ப்பது. கரிப்பு அப்படியே கீழே தங்கிவிட்டது. ஆனால் தண்ணீர்க் கணக்கு மறுபடி தலைகீழ். கறுப்பு இல்லாத வெறும் வெளிர் மால்ட்டைப் போர் தண்ணீர் கலந்து அவித்தால் பி.எச். 6-ஐத் தொட்டு, உமியிலிருந்து துவர்ப்பை இழுத்துக்கொண்டு வந்தது, ஆறிப்போன கடுந்தேநீர் மாதிரி. கடைசியில் இரண்டு தண்ணீர் என்று முடிவாயிற்று. வெளிர் மால்ட்டுக்குக் கேன் தண்ணீர் மூன்று பங்கு, போர் தண்ணீர் ஒரு பங்கு, ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. கறுப்பு ஊறுவதற்கு முழுக்கப் போர் தண்ணீர். பி.எச். சரியாக வந்ததும் ருசியும் அடங்கியது.

கசப்புக்கு, பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் வில்லைகள் இணையத்தில் கிடைக்கின்றன. நிலவேம்பு, வேப்பம்பூ எல்லாம் யோசித்தேன். நிலவேம்பைக் கால் ஸ்பூன் போட்ட அந்த ஒரு குவளையைப் பற்றிப் பேச வேண்டாம். ஆனால் நம் ஊர்ச் சரக்கு ஒன்று அபாரமாகப் பொருந்தியது: நன்னாரி வேர். கடைச் சாக்லேட்டில் பெரும்பாலும் வெனிலாவும் சேர்ந்திருப்பதால் வெனிலா மணம் வந்தாலே நம் மூளை சாக்லேட் என்று நினைத்துக்கொள்கிறது. நன்னாரியின் மணப்பொருள் வெனிலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே அணுக்கள் வேறு வரிசையில். பெரிய மார்க்கெட் பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, தட்டி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு கால் மணி நேரம் போட்டு எடுத்தேன். அதற்குமேல் விட்டால் சர்பத் ஆகிவிடும்.

கடைசிப் பிரச்சினை வாயு. வீட்டில் சோடா போடுகிற சிறு கருவி ஒன்று இருக்கிறது. அதில் இந்தச் சாற்றை ஊற்றி அழுத்தினேன். மால்ட்டில் புரதம் அதிகம், நுரை கூரைவரை போயிற்று. மின்விசிறியில் பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. கோலி சோடா போடுகிறவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஒரு சொட்டு தொட்டுப் பார்த்துவிட்டு மறுத்தார். "மெஷின்ல இது ஏறுச்சுன்னா நாள் பூரா கழுவணும் சார். கலர் எப்படிப் போடுறோம்? சாறு தனி, சோடா தனி. அதே மாதிரி பண்ணிக்குங்க."

இவ்வளவு புத்தகம் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. இரண்டு மடங்கு கெட்டியாகச் சாற்றைக் காய்ச்சி, குடிக்கும்போது சம அளவு ஜில் சோடா கலந்தால் ஆயிற்று. நுரையும் குவளையிலேயே, இரண்டு விரல் கனத்தில், வெளிர்ப் பழுப்பாக நிற்கிறது.

இப்போது நிலைத்திருக்கும் அளவு: வெளிர் பார்லி மால்ட் 500 கிராம், கேழ்வரகு மால்ட் ரவைப் பதத்தில் 150 கிராம், அலசிய உமி ஒரு கைப்பிடி. 2.2 லிட்டர் தண்ணீரில் 76 டிகிரி, 40 நிமிடம். வடித்த பிறகு 1.5 லிட்டர் வெந்நீர் ஊற்றி மறுபடி வடிப்பு. 6 கிராம் ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதி. முந்தைய இரவு அரை லிட்டர் போர் தண்ணீரில் ஊறிய 60 கிராம் சாக்லேட் மால்ட், 30 கிராம் பழுப்பு மால்ட் ஆகியவற்றின் சாறு கடைசிப் பத்து நிமிடத்தில். நன்னாரி 10 கிராம். இரண்டரை லிட்டர் நிற்கும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.056 காட்டியது. அந்தக் கருவி 20 டிகிரிக்குச் செய்யப்பட்டது, நம் ஊர் 30 டிகிரியில் இரண்டு மூன்று புள்ளி குறைத்தே காட்டும்.

கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடி, சூடு அடங்கியதும் ஃப்ரிட்ஜ். ஐந்து நாளுக்குள் காலி செய்துவிட வேண்டும். இது புளிப்போ சாராயமோ காப்பாற்றாத சத்துநீர், வெளியே வைத்தால் எந்தக் கிருமிக்கும் விருந்து. பங்குனியில் நெட்டப்பாக்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு பாட்டிலைச் சமையல் மேடையிலேயே மறந்துவிட்டேன். அது பழைய பாட்டில், சரியாகக் கழுவாததும்கூட. மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் மூடி ஒருபக்கம், மேடை முழுக்க நுரை. எங்கிருந்தோ வந்த காட்டு ஈஸ்ட் தன் வேலையை ஆரம்பித்திருந்தது. ஆறு வருடத்துக்கு அப்புறம் அந்த வாசனை. பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தொட்டியில் கொட்டி, தண்ணீரை நிறையத் திறந்துவிட்டேன்.

எட்டாவது முறை காய்ச்சியதை அம்மாவுக்குக் கொடுத்தேன். சோடா வேண்டாம் என்று சாற்றை மட்டும் வெந்நீர் கலந்து குடித்தார். "கருப்பட்டிக் காப்பி மாதிரி இருக்கு. கருப்பட்டிதான் இல்லை" என்றார். மனைவி, முதல் மிடறில் சாக்லேட், கடைசியில் காப்பி என்கிறாள். எனக்கு நடுவில் ஒரு நொடி, தம்பி வீட்டுச் சமையலறை வந்து போகிறது. பீரில் இருந்த அந்த வறட்சி, குடித்து முடித்ததும் நாக்கு சுத்தமாகிவிடுகிற தன்மை, இதில் வரவில்லை. ஹாப்ஸை 8 கிராம் ஆக்கினால் கொஞ்சம் நெருங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி என் வறுவல் குறிப்பைக் கேட்டான், அங்கே ஈஸ்ட்டோடு செய்து பார்க்க. பதினோரு நிமிடம் என்று அனுப்பினேன். எத்தனை டிகிரி அண்ணே என்றான். கையை உள்ளே விட்டு இருபது எண்ணு என்றேன். ரொட்டிக்கடை மாஸ்டர் இப்போது வறுத்த கேழ்வரகு மால்ட் மாவு கேட்கிறார், ரொட்டியில் போட்டுப் பார்க்கவாம். கால் கிலோ கொடுத்திருக்கிறேன்.